சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தவள்

நான் படிக்கப் போன கனடா நாட்டுப் பல்கலைக்கழகத்தில், பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘தனியாகச் சுமக்காதீர்கள், எங்களிடம் பேசுங்கள்’ என்று மேலே பெரிய எழுத்தில் இருக்கும். அடியில் ஒரே தொலைபேசி எண்ணை வரிசையாக அச்சடித்து, ஆளுக்கு ஒன்றாகக் கிழித்துக்கொண்டு போகத் தோதாகக் கத்தரித்து விட்டிருப்பார்கள். இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் மூல வைத்தியரின் நோட்டீஸைப் பார்த்துப் பழகிய எனக்கு, இது என்ன வியாபாரம் என்று முதலில் பிடிபடவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நேற்று இருந்த துண்டில் ஒன்று குறைந்திருக்கும். யாரோ ஒருத்தி கிழித்துப் போயிருக்கிறாள். யார் அவள்? ஆய்வகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆப்பிள் கடிக்கிறவளா, லிஃப்டில் தினமும் தலையாட்டிச் சிரிக்கிறவளா? எங்கள் ஊரில் என்றால் எவள் கிழித்தாள், மாமியார் தொல்லையா, புருஷன் அடியா என்பதெல்லாம் மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துபோகும். இங்கே விசாரிக்கவும் வழியில்லை. எனக்கோ தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் நானே ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன். எனக்குக் கஷ்டம் என்று ஒன்றும் இல்லை, சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

மாணவர் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு நீளமான நடை. அதன் இரண்டு பக்கமும் அறைகள். ஒன்று விமன்ஸ் சென்டர். அடுத்தது வெளிநாட்டு மாணவர்களுக்கு. அதற்கடுத்தது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு. எதிரே, ஆணை விரும்பும் ஆண்களுக்கும் பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் ஓர் அறை. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒன்று. தொழுகைக்கும் தியானத்துக்கும் பொதுவாக ஒன்று. நான் பிறந்தது திருப்புல்லாணிக்கு உள்ளே தள்ளி, மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற ஒரு கிராமம். அங்கேயும் வகை வகையாகத்தான் பிரிந்திருக்கிறோம், தெருத் தெருவாக. எந்தத் தெரு என்பதை நாம் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள், அப்புறம் அடுத்த தெருவுக்குள் கால் வைக்க ஆயிரம் யோசனை. இங்கே எல்லாக் கதவும் திறந்தே கிடந்தது. எனக்கு எந்தக் கதவு என்று பார்த்தேன். பெண் என்றால் ஒன்று, அயல்நாட்டாள் என்றால் ஒன்று, நிறம் உள்ளவள் என்றும் புதிதாக ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள். என்னைவிட வெளுத்தவளுக்கு நிறம் இல்லையாம், எனக்கு உண்டாம். ஊரில் கறுப்பி என்று கூப்பிட்டபோது இந்த மரியாதை கிடைக்கவில்லை.

எல்லா அறைக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு விமன்ஸ் சென்டருக்குள் போனேன். பழைய சோபா, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், இலவச நாப்கின் வைத்த கூடை. மூலையில் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள் கம்பளி நூலில் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். பெயர் மார்லீன், அந்த அறையின் பொறுப்பாளர். நான் எப்படி உதவட்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை, பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. “பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் பின்னலுக்குத் திரும்பினார். அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது போய் அந்தச் சோபாவில் உட்கார்ந்து வருவேன்.

நான் படித்த பெண்கள் கல்லூரி விடுதியிலும் உதவிக்கு என்று ஒன்று இருந்தது. மாடிப்படிக்கு அடியில் பூட்டுப் போட்ட புகார்ப் பெட்டி. அதற்குள் யாரும் எதையும் போட்டு நான் பார்த்ததில்லை, கையெழுத்தை வைத்து வார்டன் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம். ஆனால் கீழக்கரை நூர்ஜஹானுடைய வாப்பா துபாயில் மவுத்தாகி அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது என்று செய்தி வந்த அன்று, அவள் வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடியில் இருந்தவள், கீழே இருந்தவள், அவளோடு ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தவள் என்று எல்லோரும் அவள் அறையில் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சிடுமூஞ்சி வார்டனே அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். ஆனால் அதே விடுதியில் செல்வி என்று ஒருத்தி, கணக்கில் முதல் மாணவி, படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப் போகிறார்கள் என்று பெட்டியைக் கட்டும்போதே அழுதாள். அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் அவள் அறைக்குப் போகவில்லை, நானும்தான். சாவு என்றால் நம் ஆட்கள் சொல்லாமலே கூடிவிடுவார்கள், மற்றக் கஷ்டங்களுக்கு எந்த வீட்டுக்குப் போய் உட்காருவது என்று நமக்குத் தெரியாது. அதனால் அந்த நடையில் இருந்த அறைகளை நான் லேசாக எடைபோடவில்லை.

இரண்டாவது வருஷக் குளிர்காலத்தில் அண்ணன் போன் பண்ணினார். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள், எனக்கு இருந்தது அய்யாவும் அண்ணனும் மதினியும்தான்.

“தாயி, அய்யா போயிட்டாக” என்றார் அண்ணன். “வயக்காட்டுல இருந்து வந்தாக, தண்ணி கேட்டாக, அம்புட்டுத்தான்.”

“நான் வாரேண்ணே.”

“நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். சாயங்காலம் எடுத்துருவோம். அங்கனயே இரு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அய்யா ஒத்தக்கால்ல நின்னதுனாலதான் உன்னைய அனுப்பி வச்சேன். இனி ஒத்தையில அங்கன கெடந்து என்ன செய்யப்போற? காரியம் முடியட்டும், பேசுவோம்.”

அவர் என்ன பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் கெட்டவர் இல்லை. முப்பது தாண்டிய தங்கச்சி, கல்யாணம் இல்லாமல், பனிக்குள் போய் உப்பேறிய மண்ணை ஆராய்ச்சி செய்கிறாள் என்பது அவருக்கு ஒருநாளும் செரிக்கவில்லை. உப்பு மண் வேண்டும் என்றால் வாலிநோக்கம் உப்பளத்தில் இல்லாததா என்பார். அந்த நாட்டுச் சமவெளியிலும் வயல்கள் உப்புப் பூத்துக் கிடக்கின்றன, அதை மாற்ற அவர்கள் என்னவோ செய்து பார்க்கிறார்கள், அது நம் கரம்பைக் காட்டுக்கும் உதவும் என்று அய்யாவுக்கு மட்டும்தான் விளங்கியிருந்தது. விமான நிலையத்தில் விட வந்தபோது, “ஒரு பிடி மண்ணு எடுத்துட்டுப் போறியா, காட்டுறதுக்கு?” என்று கேட்டவர் அவர்.

செய்தி கேட்ட மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். மண் சலித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்பதே தெரியவில்லை. நம் ஊரில் சாவுச் செய்தியைச் சொல்ல ஆள் போகும், துக்கக்காரர்கள் தாமாகப் போய்ச் சொல்வதில்லை. இங்கே எனக்காகப் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அழுகையும் வரவில்லை. தலைக்குக்கூடக் குளிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஓர் எழுத்துகூட மண்டையில் ஏறவில்லை. முக்கியமான தேர்வு ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது, அதில் தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். என் பேராசிரியர்தான் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். மனிதர் பதறிப்போனார். தேர்வைத் தள்ளிவைக்கலாம், ஆனால் ஆதரவுப் பிரிவிலிருந்து யாராவது எழுதித் தர வேண்டும் என்று சொல்லி, மார்லீனிடம் அனுப்பிவைத்தார். மார்லீன், வியாழக்கிழமை மதியம் துக்கப்பட்டவர்களின் குழு ஒன்று கூடுகிறது, முதலில் அதில் வந்து உட்காருங்கள் என்றார்.

துக்கத்துக்குக் கிழமை உண்டா என்று எனக்கு வியப்பாக இருந்தது. போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருந்தார்கள். டெல்லா என்ற பூர்வகுடிப் பெண், அக்காவைப் பறிகொடுத்தவள், அழுதுகொண்டிருந்தாள். நான் நேராகப் போய், குனிந்து, அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். துக்கம் கேட்க வருகிறவள் வேறு என்ன செய்வாள்? மார்லீன் மென்மையாக, இங்கே ஒருவரைத் தொடுவதற்கு முன் கேட்டுக்கொள்வது வழக்கம் என்றார். டெல்லா, பரவாயில்லை, இருக்கட்டும் என்றாள். அடுத்துப் பேசியவள் பண்ணையில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். செத்தது அவளுடைய குதிரை. எனக்கு முதலில் சிரிப்பு முட்டியது. இதற்கெல்லாமா குழு என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவளோ, அதன் கழுத்தைத் தடவித் தடவியே உயிர் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது எங்கள் செவலைக்காளை செத்த அன்று அய்யா தொழுவத்தில் உட்கார்ந்து, மதினி போட்ட சோற்றைத் தொடாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டது கண்ணுக்குள் வந்தது. நான் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். காளையைப் பற்றித்தான் தொடங்கினேன், எங்கே அய்யாவுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக என்னென்னவோ சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். டெல்லா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல், திரும்பாமல், வெளியே வந்துவிட்டேன். இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு இதில் ஒன்றும் விசேஷம் தெரியாது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். அந்த மாதிரி ஒரு காரியத்துக்கு மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவதாகச் சொல்வது எப்படி? அங்கே வேறு நாட்டில், நாற்காலி போட்ட அறையில் இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. அறைக்கு வந்து, உடுத்திய துணியோடு குளியலறைக்குள் நின்று, தலைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். எத்தனையோ நாளாகத் தள்ளிப்போன குளியல், வெந்நீர் தீரும் வரைக்கும் நின்றேன்.

கதவை இடிக்கிற சத்தம் கேட்டது. ஈரத்துணியும் சொட்டுகிற கூந்தலுமாகத் திறந்தேன். மார்லீன், அவர் பின்னால் சீருடை போட்ட காவலர் ஒருவர். மார்லீனின் முகம் வெளுத்திருந்தது.

“பலமுறை போன் செய்தோம். ஏன் சொல்லாமல் போய்விட்டீர்கள்?”

“சொல்லக் கூடாது” என்றேன்.

“யார் சொல்லக் கூடாது என்றது?”

“யாரும் இல்லை. நானாகத்தான்.”

அவர் காவலரைப் பார்த்தார். பிறகு ரொம்ப நிதானமாக, “அடுத்த வாரம் எங்களிடம் திரும்பி வருவதாக எண்ணம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“அதை நான் வாயால் சொல்ல முடியாது” என்றேன். எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகத்தான் சொன்னேன்.

காவலர் என்னைத் தாண்டிக் குளியலறையை எட்டிப் பார்த்தார். உள்ளே என்ன தேடினார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. துணியோடு நனைந்தது ஏன் என்று கேட்டார். சாவுக்குத்தான் என்றேன். அந்தப் பதிலோடு என் கதை கந்தலாகிவிட்டது. மறுநாள் காலையில் மாணவர் நலப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே மார்லீனும் வந்திருந்தார். அதிகாரி கனிவான பெண். என் உயிர்மேல் அவருக்கு இருந்த அக்கறை பொய்யில்லை. தன்னையே மாய்த்துக்கொள்வாளோ என்று சந்தேகம் வந்துவிட்டால், அந்த மாணவியை விடுப்பில் குடும்பத்தோடு இருக்க அனுப்பிவைப்பது அவர்களுடைய வழக்கம் என்றார். விடுப்பு என்று போனால் விசா போய்விடும், விசா போனால் அண்ணன் வீடு, அண்ணன் வீடு என்றால் மாப்பிள்ளை பார்ப்பது. உதவி கேட்டுப் போன இடமே என்னைக் கப்பலேற்றி அனுப்பப் பார்க்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் பயந்துபோன ஒருத்தி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் சொல்லக்கூடும் அல்லவா? குடும்பத்தில் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். என்னை மொழிபெயர்க்க விட மாட்டார்களாம். அதற்கென்றே டொராண்டோவில் போன் வழியாக மொழிபெயர்ப்பவர்கள் இருந்தார்கள்.

மேசைமேல் ஒலிபெருக்கியில் மூன்று ஊர்க் குரல்கள் சேர்ந்தன. மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண், இலங்கைத் தமிழ். மண்டபம் அகதிகள் முகாம் வழியாகப் போகிற பஸ்ஸில் கேட்டுப் பழகிய தமிழ் அது. அண்ணன் வரப்பிலிருந்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்.

“உங்கட தங்கச்சி துக்கம் பகிர்ற இடத்தில இருந்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் எழும்பிப் போயிட்டா. அது ஏனெண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கினம்.”

“எழவு வீட்டுல போயிட்டு வாரேன்னு எவளாச்சும் சொல்லுவாளா? அந்த அம்மாவுக்கு வீட்டுல யாரும் சொல்லிக் குடுக்கலயா?” என்றார் அண்ணன்.

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் காது சிவந்தது. மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் சொந்தக் கருத்தைச் சொல்லத் தனக்கு அனுமதியில்லை, ஆனாலும் தங்கள் பக்கத்துச் செத்தவீட்டிலும் இதே வழக்கம்தான் என்று சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு அதிகாரி, எனக்குக் கேட்கவே பயமாக இருந்த கேள்வியைக் கேட்டார். தங்கை ஊருக்கு வந்து உங்களோடு இருப்பது நல்லது என்று நினைக்கிறீர்களா?

அண்ணன் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை, ‘அனுப்பிவிடுங்க’ என்று ஒரே வார்த்தை, அவர் எத்தனையோ மாதமாக மனசில் வைத்திருந்தது, சொன்னால் போதும்.

“அது வந்து...” என்றார். “அன்னைக்குப் போன்ல அவ அழுகல. எனக்கு அதான் நெஞ்சுக்குள்ள அறுத்துக்கிட்டே இருந்துச்சு. அங்கன போயி அழுதாளாம்மா?”

அழுதாள் என்று பதில் போயிற்று.

“கூட யாரும் அழுதாகளா?”

ஒரு பெண் கட்டிக்கொண்டு அழுதாள் என்று மார்லீன் சொன்னார்.

“வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாளா?”

மொழிபெயர்ப்பாளர் கேட்டதும் மார்லீன் என்னைப் பார்த்தார். நேற்று அந்தக் கதவுக்கு வெளியே தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவர் அவர். “ஆமாம்” என்றார் மெதுவாக. “ரொம்ப நேரம்.”

“கூப்புட்டுக்கிடணும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், பொய் சொல்லல. ஆனா நாலு பேரோட ஒக்காந்து அழுது, வந்து குளிச்சிருக்கான்னா அவளுக்கு அங்கன ஆளுக இருக்காகன்னுதான அர்த்தம். படிச்சு முடிக்கட்டும். அய்யா அனுப்பி வச்ச புள்ள.”

நான் அந்த மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தேர்வு தள்ளிப்போனது, எழுதினேன், தேறினேன். அடுத்த வியாழக்கிழமை குழுவுக்குப் போனபோது மார்லீன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். முடிந்ததும் நான் பேசாமல் எழுந்து போகலாம், எனக்குப் பதிலாக அவரே மற்றவர்களிடம், “இவர் அறைக்குப் போகிறார், நலமாக இருக்கிறார்” என்று அறிவித்துவிடுவார். துக்கத்துக்குக் கிழமை வைத்தவர்கள், என் ஒரு பழக்கத்துக்காக இப்படி ஒரு சடங்கையே உண்டாக்கிவிட்டார்களே என்று எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, நெகிழ்ச்சியாகவும் இருந்தது. குதிரைக்காரப் பெண்ணும் பிறகு சொல்லாமல் எழுந்து போக ஆரம்பித்தாள்.

மறு வருஷம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். அய்யா இல்லாத வீட்டுக்கு முதல் வரவு. படலைத் தாண்டியதும் மதினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள், தெருப் பெண்கள் கூடி அழுதார்கள். நான் மகள்தான், ஆனாலும் துக்கம் கேட்க வந்தவள். திரும்புகிற நாளில் கார் வந்து நின்றபோது சிக்கல் வந்தது.

“சொல்லாமப் போ ஆத்தா. மொத வரவுல சொல்லிக்கிடக் கூடாது” என்றாள் மதினி.

“கடல் தாண்டிப் போறவள சொல்லாமப் போகச் சொல்றியே, கூறு இருக்கா ஒனக்கு?” என்றார் அண்ணன். “திரும்பி வரணும்ல. சொல்லிட்டுப் போ தாயி.”

இரண்டு பேரும் சொன்னது சரிதான். நான் வாசலில் நின்றேன். ஒரு வார்த்தையும் பேசாமல் காரில் ஏறி உட்கார்ந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. மதுரை ரோட்டில் சத்திரக்குடி தாண்டியதும் டிரைவரை ஓரங்கட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அண்ணனுக்குப் போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“அண்ணே, போயிட்டு வாரேன்.”

“நம்ம ஊர் எல்லையத் தாண்டிப் போயிட்டியா?”

“போயிட்டேன்.”

“அப்பச் சரி” என்றார். “போயிட்டு வா.”